நிழலு விழாத கோபுரமும் கல்லுல வெட்டின கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல தஞ்சாவூர் பெரிய கோயில் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கோபுர நிழல் தரையில விழாது, உச்சியில இருக்குறது 80 டன் ஒரே கல்லு, இதையெல்லாம் வாட்ஸ்அப்ல பார்வர்ட் பண்றவங்க பண்ணிட்டு போகட்டும், பேப்பர்ல நீங்களுமா போடணும்? சாயங்காலம் நாலு மணிக்கு அங்க போய் பாருங்க, விமானத்து நிழல், அதாவது கருவறை மேல இருக்குற அந்த கோபுரத்து நிழல், பிரகாரத்துல நல்லா விழுந்து கிடக்கும், ஜனங்க அதுலதான் புள்ளகுட்டியோட உக்காந்திருப்பாங்க. உச்சியில இருக்குறதும் ஒரே கல்லு இல்ல, பல துண்டா செதுக்கி சேத்ததுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க எப்பவோ சொல்லிட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த கோயில கட்டுனது யாருன்னே நம்ம ஆளுங்க நடுவுல மறந்துட்டாங்க. தலபுராணத்துல கரிகாலன் தன்னோட தோல் நோய் தீர்றதுக்காக கட்டுனான்னு இருக்கு, ஊரும் அதையே சொல்லிட்டு இருந்துச்சு. 1886ல கல்வெட்டு படிக்கிற வேலைக்கு வந்த ஹுல்ட்ஸ்ங்கிற ஜெர்மன்காரர் சுவத்துல இருந்தத படிச்ச பிறகுதான் ராஜராஜன் பேரு எல்லாருக்கும் உறுதியா தெரிஞ்சுது. பேரு அங்கதான் இருந்துச்சு, படிக்கத்தான் ஆளில்ல.

சரி, அந்த சுவத்துல அப்படி என்னதான் இருக்கு? "நாம் குடுத்தது, நம்ம அக்கா குடுத்தது, நம்ம பெண்டுகள் குடுத்தது, மத்தவங்க குடுத்தது, எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்க"ன்னு ராஜாவே உத்தரவு போட்டிருக்காரு. விமானத்து உச்சிக்கு செப்புக்குடம் குடுத்தது அவரோட 25வது ஆட்சி வருஷம் 275வது நாள்னு நாள்கணக்கோட இருக்கு, அதாவது 1010. ஆனா எனக்கு அதவிட பெருசா படுறது தளிச்சேரி பெண்கள், அதாவது கோயில் சேவைக்குன்னு பக்கத்து தெருவுல குடிவச்ச பெண்கள், பட்டியல்தான். 400 பேரு, ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊர் கோயில்லேர்ந்து வந்தாங்க, எந்த தெரு, தென்சிறகா வடசிறகா (தெருவோட தெக்கு வரிசையா வடக்கு வரிசையா), எத்தனாவது வீடு, எல்லாம் வரிசையா வெட்டி வச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. யாராவது செத்துட்டாலோ ஊர விட்டு போயிட்டாலோ நெருங்குன சொந்தத்துல தகுதி இருக்குறவங்களுக்கு அந்த பங்கு. குயவர், நாவிதர், தையக்காரர் வரைக்கும் கணக்குல வர்றாங்க.

அதுக்காக கல்லுல இருக்குன்னு அப்படியே நம்பிடவும் கூடாது சார். அது ராஜா சொல்லி வெட்டுனது, அவருக்கு எது வேணுமோ அதுதான் வெட்டுவாங்க. அந்த 400 பொண்ணுங்க இஷ்டப்பட்டு வந்தாங்களா, சொந்த ஊர விட்டுட்டு வந்து அழுதாங்களான்னு ஒரு வரி கிடையாது. இதையும் சேத்து கேட்டாதான் படிப்பு, இல்லன்னா சும்மா பெருமை பேசுறது மட்டும்தான் மிஞ்சும். அதுக்குத்தான் ஏற்கனவே ஏகப்பட்ட யூடியூப் சேனல் இருக்கே.

கல்வெட்டு படி எடுக்குறத நான் எங்க ஊர்லயே கிட்ட நின்னு பாத்திருக்கேன். பசங்க வந்து கல்ல கழுவி, ஈரப் பேப்பர ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்து பள்ளத்துக்குள்ள பேப்பர எறக்கி, மேல மைய ஒத்தி எடுத்தாங்க, கருப்புக்கு நடுவுல வெள்ளையா எழுத்து வந்து நின்னுச்சு. கோயில் வாசல்ல பூ விக்கிற அக்கா யாவாரத்த விட்டுட்டு வந்து, "இதுல எங்க தெரு பேரு இருக்காடா தம்பி?"ன்னு கேட்டுச்சு. அதே ஊர்ல இன்னொரு கோயில்ல கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி அடிச்சுவத்துல பளபளன்னு டைல்ஸ் ஒட்டிட்டாங்க, பின்னாடி பக்கம் எனாமல் பெயின்ட். உள்ள எத்தன வரி போச்சோ, படி எடுத்து வச்சாங்களான்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்லல.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான், வாரம் ஒரு ஊர் கோயில் கல்வெட்ட போட்டோவோட போட்டு, அதுல இருக்குறத ஒரு கல்வெட்டு அறிஞர விட்டு இன்னைக்கு பேசுற தமிழ்ல எழுத சொல்லுங்க, எங்க டைல்ஸ் ஒட்டியிருக்காங்கன்னும் அதே பக்கத்துல போடுங்க. நிழல் மேட்டருக்கு ஒரு திருத்தமும் போட்டுடுங்க, ஏன்னா எங்க தெரு பசங்க உங்க பேப்பர் கட்டிங்க காட்டித்தான் இப்ப எங்கிட்ட சண்டைக்கு வர்றானுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்