ஓரத்து எழுத்தையும் படி, மகளே

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவும் நானும் நல்ல சுகம். உன் கடிதம் கிடைத்தது. நீ பட்டியல் போடும் இஸ்தான்புல் நூலகத்தில், அரபு இலக்கண உரையான ஷரஹ் ஜாமியின் கையெழுத்துப் பிரதிகளாகவே வந்துகொண்டிருக்கின்றன, மூலத்துக்கு உரை, உரைக்கு உரை, அதற்கும் ஓரக்குறிப்பு, இவர்கள் புதிதாக எதையும் சொல்லவே இல்லையா என்று கேட்டிருந்தாய். மதரஸாவில் அதே கிதாபை ஓதிக்கொடுக்கிற வாப்பாவிடம் கேட்டுவிட்டாய். விரிவாகவே எழுதுகிறேன்.

மூலம் இப்னுல் ஹாஜிப் எழுதிய காஃபியா என்ற அரபு இலக்கண நூல். அவர் 1249-இல் அலெக்சாந்திரியாவில் காலமானார். சில ஏடுகளே வரும் சின்ன நூல், ஆனால் ஆசிரியர் இல்லாமல் நுழைய முடியாத இறுக்கம். அதற்கு இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் இருந்து பாரசீகக் கவிஞர் ஜாமி உரை எழுதி முடித்தது 1492-இல். அதே வருஷம் அவர் மௌத்தானார். எண்பதை நெருங்கிய கிழவர், எத்தனையோ காவியம் பாடியவர், கடைசிக் காலத்தில் இலக்கணப் பாடத்துக்கு ஏன் உட்கார்ந்தார்? மகன் ளியாவுத்தீன் யூசுஃபுக்காக. பிழைத்து நின்ற ஒரே பிள்ளை அவர்தான். முன்னுரையிலேயே மகன் பேரைச் சொல்லி, அவனுக்கு வருத்தமும் கைசேதமும் வராமல் அல்லாஹ் காக்கட்டும் என்று துஆ கேட்கிறார். நூலுக்கும் பிள்ளையின் பேரைத்தான் வைத்தார்: அல்ஃபவாயிதுள் ளியாயிய்யா. ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தை ஓதும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, புதிதாக என்ன சொன்னார்? காஃபியாவின் முதல் வரியையே எடுத்துக்கொள். சொல் என்பது தனிப்பொருளுக்காக அமைக்கப்பட்ட ஒலி என்று இப்னுல் ஹாஜிப் வரையறுக்கிறார். அந்த வரியின் கடைசிச் சொல் 'முஃப்ரத்', தனியானது. பிரதியில் மீம், ஃபா, ரா, தால் என்று நாலு எழுத்துதான் இருக்கும், கடைசி உயிர்க்குறி இருக்காது. 'முஃப்ரதின்' என்று ஓதினால் பொருள் தனியானது என்றாகும். 'முஃப்ரதுன்' என்று ஓதினால் ஒலி தனியானது என்றாகும். இரண்டுக்கும் வரையறை வேறு வேறு, ஜாமி இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். அதோடு விட்டாரா? 'முஃப்ரதன்' என்றும் ஓதலாமே என்ற மூன்றாவது வழிக்கும் போகிறார். அப்படியானால் சொல்லின் முடிவில் ஒரு அலிஃப் இருக்க வேண்டும், பிரதியில் இல்லை. எழுத்து துணை நிற்காவிட்டாலும் இலக்கணப்படி அது எப்படிப் பொருந்தும் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். ஒரே சொல்லின் கடைசி உயிருக்கு இவ்வளவு! எனக்கு இது பெரிய மரியாதையாகப் படுகிறது. முன்னோர் எழுதிய ஒரு எழுத்தையும் சும்மா விடக் கூடாது என்ற மரியாதை.

ஜாமியின் மாணவர் அப்துல் கஃபூர் லாரி அந்த உரைக்கு ஹாஷியா, அதாவது உரைமேல் உரை, எழுதினார். லாரியின் ஹாஷியாவுக்கு 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சாபின் சியால்கோட்டிலிருந்து அப்துல் ஹக்கீம் ஒரு ஹாஷியா எழுதினார். எகிப்து, ஹெராத், சியால்கோட் என்று நானூறு வருஷம் ஒரே பாடத்தில் வாதம் நடந்திருக்கிறது. அரபு இலக்கணத்தின் முன்னோடியான சீபவைஹி 8-ஆம் நூற்றாண்டிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் அரைத்த மாவையே அரைத்தார்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. ஓரத்தைப் படிக்காதவர்கள் பேசும் பேச்சு அது. சீபவைஹியின் நூலே மாணவர் அக்ஃபஷ் வழியாகத்தானே நம் கைக்கு வந்தது! கெய்ரோவின் பூலாக் அச்சகம் அதை அச்சிட்டபோதும் ஓரத்தில் பழைய உரையாசிரியர் சீராஃபியின் உரைப்பகுதிகளைச் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள்.

அப்புறம் இப்னு மாலிக். அந்தலூசியாவின் ஹயேனில் பிறந்து 1274-இல் டமாஸ்கஸில் காலமானவர். அரபு இலக்கணத்தையே ஆயிரம் அடியில் அல்ஃபிய்யா என்று பாடினார். அதற்கு உரை எழுதியவர்களில் அவர் மகன் பத்ருத்தீனும் ஒருவர். பாடியவரின் மகன் என்ற பொருளில் இப்னுந் நாளிம் என்றே அவரை அழைக்கிறார்கள். வாப்பா பாட்டாயிற்றே என்று அவர் தலையாட்டிக்கொண்டு போகவில்லை. சரியில்லை என்று பட்ட இடத்தில் சரியில்லை என்றே எழுதினார், பின்னால் வந்தவர்கள் சில இடங்களில் தகப்பன் பக்கமும் நின்றார்கள். ஜாமி மகனுக்காக எழுதியதையும் இப்னுந் நாளிம் வாப்பாவை மறுத்து எழுதியதையும் நான் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறேன்.

அதனால் பட்டியலில் 'ஷரஹ் ஜாமி, இன்னொரு பிரதி' என்று மட்டும் எழுதி மூடிவிடாதே. ஓரக்குறிப்பின் முடிவில் 'மின்ஹு' என்று இருந்தால் அது நூலாசிரியரே எழுதிய குறிப்பு. 'இஸாம்' என்று இருந்தால் இஸாமுத்தீன் இஸ்ஃபராயீனியின் ஹாஷியாவிலிருந்து எடுத்தது. 'பலக' என்று கண்டால் மூலப்பிரதியோடு அந்த இடம் வரை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பேரே இல்லாத குறிப்புகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. யாரோ ஒரு மாணவன் உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து எழுதியதாகக்கூட இருக்கலாம். அவற்றையும் பதிந்து வை.

இங்கே அடுத்த மாதம் பிள்ளைகளுக்குக் காஃபியாவின் முதல் பாடம் தொடங்குகிறேன். நூலகத்தில் அனுமதி கொடுத்தால், 'முஃப்ரத்' வருகிற அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஓரமும் முழுதாகத் தெரிய வேண்டும்.

துஆவுடன்,
வாப்பா