முதல் கார் வாங்குவோருக்குத் தேவையான கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். புதிதாக வரும் கார்களின் எஞ்சின் திறன், எரிபொருள் சிக்கனம், உட்புற வசதிகள் ஆகியவற்றை அப்பகுதி விரிவாகவே எடுத்துரைக்கிறது. ஆனால், முதன்முறையாகக் கார் வாங்கும் ஒருவர் உண்மையில் எங்கே ஏமாறுகிறாரோ அந்த இரண்டு இடங்களுக்கு, அதாவது கடன் கணக்குக்கும் பழைய காரைச் சோதித்துப் பார்க்கும் முறைக்கும், அதில் போதிய இடம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

முதல் கார் வாங்குவோரில் பலர் காரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் பணத்துக்கு வழி தேடுகிறார்கள். மனம் ஒரு காரில் பதிந்துவிட்ட பிறகு போடும் கணக்கு, எடுத்துவிட்ட முடிவுக்குச் சமாதானம் தேடும் கணக்காகவே அமையும். ஆகவே, வீட்டுச் செலவும் சேமிப்பும் போக மாதந்தோறும் கையில் நிற்கும் தொகை எவ்வளவு என்பதை ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகைக்குள் கடன் தவணை மட்டுமல்லாமல், காப்பீடு, எரிபொருள், சர்வீஸ் ஆகியவையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டிய டயர், பேட்டரி ஆகியவற்றுக்கான ஒதுக்கீடும் அடங்க வேண்டும்.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று விற்பனையாளர் கேட்கும்போது ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், பேச்சு காரின் விலையிலிருந்து தவணைக்கு நழுவிவிடுகிறது. கடன் காலத்தை நீட்டினால் எந்த விலையையும் எந்தத் தவணைக்குள்ளும் அடக்கிவிடலாம் என்பதை வாங்குபவர் அந்த நேரத்தில் நினைத்துப் பார்ப்பதில்லை. காலம் நீள நீள மொத்த வட்டி கூடுகிறது. அதோடு, காரின் மதிப்பு கடன் பாக்கியைவிட வேகமாகக் குறைவதால், இடையில் விற்க நேர்ந்தால் விற்ற பணம் கடனை அடைக்கவே போதாமல் போகலாம்.

வட்டி விகிதத்தைச் சொல்லும் முறையிலும் ஒரு மறைவு இருக்கிறது. ஒரு லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு ஃபிளாட் வட்டி, 5 ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இம்முறையில் தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடப்படுவதால், மொத்த வட்டி 50,000, மாதத் தவணை 2,500 என்றாகிறது. ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பகுதி திரும்பிச் சென்றுகொண்டே இருக்கிறது. குறைந்துவரும் அசலின் மீது மட்டும் வட்டி கணக்கிட்டுப் பார்த்தால், இதே கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 17 விழுக்காட்டையும் தாண்டும். எனவே, 10 விழுக்காடு ஃபிளாட் வட்டியைவிட, குறையும் அசல் மீதான 12 விழுக்காடு வட்டி மலிவானது. எந்த முறை என்று கேட்டு அதை எழுத்திலும் பெறாமல் யாரும் கையெழுத்திடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன்.

புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்குச் சில ஆண்டுகள் ஓடிய கார் பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன். பொதுவாக ஒரு காரின் மதிப்பு முதல் ஆண்டில்தான் அதிகம் குறைகிறது, அந்த இழப்பை முந்தைய உரிமையாளரே ஏற்றிருப்பார். ஆனால் அத்தகைய காரைப் பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறைகளை எளிதில் காட்டாது. புகைக்குழாயிலிருந்து நீலநிறப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வந்தால், குளிர்விப்பு நீர் எஞ்சினுக்குள் கசிகிறதோ என்று ஐயப்பட வேண்டும். மீட்டர் குறைந்த கிலோமீட்டரைக் காட்டும்போது பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால், அந்த மீட்டரை நம்ப வேண்டாம். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால், அதன் அடிப்பகுதியில் படிந்திருக்கும் சேற்றுக்கறை, கார் வெள்ளத்தில் மூழ்கியதைக் காட்டிக்கொடுக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு, அது தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆவணத்திலுள்ள சேசிஸ் எண்ணும் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) வண்டியில் பொறித்த எண்ணும் ஓரெழுத்துகூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும், பழைய கடன் முழுவதும் தீர்ந்ததற்கான சான்றும் வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகும், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே முன்பணம் கொடுப்பது நல்லது. அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய அவசியமே இல்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பெரிய திரைக்கும் அலங்காரச் சக்கரங்களுக்கும் தரும் கூடுதல் பணத்தை, சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டுக்கும் கூடுதல் ஏர்பேக்குகளுக்கும் தருவதே அறிவுடைமை. அனுபவம் குறைந்த ஓட்டுநருக்குத்தான் இவை மிகுதியும் தேவை. காரை மோதவிட்டு அதன் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் மோதல் சோதனைகளின் விதிகள் காலப்போக்கில் கடுமையாக்கப்பட்டு வருவதால், பழைய விதிகளின்படி பெற்ற ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, இனி ஒவ்வொரு காரைப் பற்றி எழுதும்போதும் அதன் மோதல் சோதனை மதிப்பெண்ணைச் சோதனை நடந்த ஆண்டுடனும், ஐந்தாண்டுக் கடனில் வாங்கினால் வட்டியோடு சேர்த்து ஆகும் மொத்தத் தொகையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய காரைச் சோதிக்கும் முறையை அனுபவமுள்ள மெக்கானிக்குகளைக் கொண்டு ஒரு தொடராக எழுதச் செய்தால், முதல் கார் வாங்கக் காத்திருக்கும் வாசகர்களுக்கு அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்