பனிமலை ரூட்ல ஓடற லாரி டிரைவர்களுக்கு தமிழ்ல வெள்ள எச்சரிக்கை வேணும்னு மனு

அனுப்புநர்: சங்ககிரி லாரி டிரைவர் (பேரு, போன் நம்பர் தனித்தாள்ல இருக்கு)
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சேலம்

கலெக்டர் அவர்களுக்கு வணக்கமுங்க. வடக்க பனிமலைல பனிப்பாறை ஏரி ஒடைஞ்சு வர்ற வெள்ளத்துக்கு தமிழ்ல எச்சரிக்கை கேட்டு மனு எழுதணும்னு சொன்னேன். ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவரு, ஏற்காட்டுல மூடுபனிதான் இருக்கு, உனக்கெதுக்குய்யா பனிப்பாறைன்னு சிரிச்சுட்டாரு, அதான் நானே எழுதறேன், தப்பிருந்தா மன்னிக்கணும்.

2023 அக்டோபர் 3, சிலிகுரில ஜவ்வரிசி லோடு இறக்கிட்டு சிக்கிம் ராங்போவுக்கு ஒரு லோடு கெடைச்சு போனோம், தீஸ்தா ஆத்தோரமா வண்டிய போட்டுட்டு நானும் கிளீனர் தம்பியும் தூங்கிட்டோம். விடியறதுக்கு முன்னாடி ஒரே கூச்சல், நேபாளில கத்தறாங்க, ஒரு எழவும் புரியல, டீக்கடைக்காரரு கைய புடிச்சு மேட்டுக்கு இழுத்துட்டு போனதால இன்னைக்கு உயிரோட இருக்கோம். காலைல பாத்தா வண்டி கேபின் வரைக்கும் மணல்.

மேல தெற்கு லோனாக்னு ஒரு ஏரிங்க, பனிப்பாறை வருசா வருசம் உருகி பின்னால போகப் போக அந்த எடத்துல தண்ணி தேங்கி பெருசாயிட்டே வந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி பக்கத்து மண்மேடு சரிஞ்சு ஏரிக்குள்ள விழ, கரை ஒடைஞ்சு, சுங்தாங்ல 1200 மெகாவாட் கரண்டு எடுக்கற அணையவே அடிச்சுட்டு போயிருச்சு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி உத்தராகண்ட் சமோலிலயும் பாறையும் பனியும் சரிஞ்சு 200 பேருக்கு மேல போயிட்டாங்க, முக்கால்வாசி டேம் வேலைக்கு வந்த வெளியூர் ஆளுங்க. லடாக்ல லே ரூட்ல போற நம்மாளுங்க வேற கதை சொல்றாங்க, அங்க விதைக்கற நேரத்துல ஓடைல தண்ணி இல்லாம, குளிர்காலத்துலயே தண்ணிய ஒறைய வெச்சு ஐஸ் கோபுரமா நிறுத்தி வெக்கறாங்களாம்.

நம்ம காவிரி மழைத்தண்ணில வர்ற ஆறு, ஒத்துக்கறேன். ஆனா மேட்டூர்ல உபரித்தண்ணி தொறக்கறதுக்கு முன்னாடி கரையோரம் மைக் கட்டி தமிழ்ல சொல்றீங்கல்ல, அது மாதிரிதான் கேக்கறோம். வெளி மாநிலத்துல நின்னு மாவட்ட பேரிடர் உதவி நம்பர் 1077 அடிச்சா சேலத்துக்கு வராதுங்க, அதனால எங்கிருந்தும் கூப்புடற மாதிரி முழு நம்பர் ஒன்னு, ராத்திரிலயும் தமிழ்ல பேச ஒரு ஆளு, சிக்கிம் உத்தராகண்ட் இமாச்சல்ல எச்சரிக்கை குடுத்தா ஒடனே எங்க போனுக்கு வாய்ஸ் மெசேஜ், இவ்வளவுதான். மலை ரூட் டிரைவருங்க லிஸ்ட்ட சங்கத்துல நாங்களே எடுத்து குடுத்துடறோம்.

இப்படிக்கு,
சங்ககிரி லாரி டிரைவர்