ஜீரோ பர்சன்ட்னு போட்டிருந்த அந்த நாலு நாள்

தம்பிக்கு,

காட்டுத்தீக்காக விட்டுட்டு போன வீட்டுக்கு திரும்பி வந்துட்டோம், ஜன்னல் ஓரமெல்லாம் சாம்பல், மத்தபடி ஒண்ணுமில்லன்னு நீ ரெண்டு வரி போட்டத பாத்ததுக்கு அப்புறம்தான் உங்கப்பா போன சார்ஜ்ல போட்டுட்டு படுத்தாரு. ஒன்பது நாளா அது அவரு கைய விட்டு எறங்கல. என் கதையும் அதேதான், ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். போன்ல ஆரம்பிச்சா "சரிம்மா சரிம்மா"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு வச்சிருவ, அதான் எழுதுறேன், ஒக்காந்து முழுசா படி, இதுல மன்னிப்பும் இருக்கு திட்டும் இருக்கு.

மன்னிப்ப மொதல்ல முடிச்சிர்றேன். அன்னிக்கி ராத்திரி, உனக்கு ராத்திரி எனக்கு பட்டப்பகல், குடும்ப குரூப்ல ஒரு மேப் ஸ்க்ரீன்ஷாட்ட போட்டு "தீ உங்க தெருவுக்குள்ள வந்துருச்சு இன்னுமா ஒக்காந்திருக்கீங்க"ன்னு எழுதுனேன்ல, அத பாத்துட்டு மருமக பிள்ளைய தூக்கிட்டு வாசலுக்கு ஓடிருச்சுன்னு நீ சொன்னப்ப எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னே தெரியல. அது நாசா நடத்துற ஃபர்ம்ஸ்னு ஒரு சைட்டு, உலகத்துல எங்கெங்க எரியுதுன்னு சாட்டிலைட்ட வச்சு செவப்பு புள்ளியா காட்டும். உங்க தெருப் பேருக்கு மேலயே ஒரு புள்ளி, எனக்கு உசுரே இல்ல. அப்புறம்தான் ஒக்காந்து படிச்சேன், அந்த புள்ளிங்கறது ஒரு எடமே இல்லயாம், ஏறத்தாழ 375 மீட்டருக்கு 375 மீட்டர்னு ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள எந்த மூலைல சூடு இருந்தாலும் நட்டநடுவுல புள்ளி வச்சிரும். பழைய மோடிஸ் கருவி காட்டுற புள்ளின்னா கட்டமே ஒரு கிலோமீட்டர். எரிஞ்சது மேட்டுக்கு அந்தாண்ட, புள்ளி விழுந்தது உங்க வாசல்ல. போதாததுக்கு அந்த சாட்டிலைட் தலைக்கு மேல நின்னு பாத்துட்டே இருக்கறதில்ல, நாளைக்கு சில தடவ தாண்டிப் போறதோட சரி, அது பாத்தது நம்ம கண்ணுக்கு வர மூணு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். வேகமா ஓடுற தீக்கு மூணு மணி நேரம்னா போன ஜென்மம். ஆக நான் அனுப்புனது எடமும் தப்பு நேரமும் தப்பு. மருமககிட்ட தனியா சொல்லிட்டேன், உனக்கும் சொல்லிட்டேன், இதோட விடு.

அடுத்தது உங்க ஊர் தீ நிலவரத்துல கன்டெயின்மென்ட்னு போட்டிருந்த அந்த ஜீரோ பர்சன்ட். நாலு நாள் அப்படியே நின்னுச்சு. ஏக்கர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது, மத்தியானம் ரெண்டு இலக்கத்துல பாத்தது நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கறதுக்குள்ள நாலு இலக்கம், ஒரு ஏக்கர்னா நூறு சென்டு, நான் மனசுக்குள்ள மனை கணக்கு போட்டு பாத்துட்டு பாதிலயே விட்டுட்டேன். உங்கப்பா டிவி முன்னாடி நின்னு "அத்தன வண்டி அத்தன பிளேனு, ஒரு பர்சன்ட் கூடவா அணைக்க முடியல"ன்னு கத்துறாரு. நானும் கூட சேந்து திட்டுனேன். கன்டெயின்மென்ட்னா அணைச்ச அளவுன்னு ரெண்டு பேருமே நெனச்சிருந்தோம். அது இல்ல தம்பி. தீயோட சுத்தளவுல எவ்வளவு தூரத்துக்கு தடுப்புக் கோடு போட்டு, இனி இந்த பக்கம் தாண்டாதுன்னு அவங்களுக்கே நம்பிக்கை வந்திருக்கோ அவ்வளவுதான் அந்த நம்பர். உள்ள தகதகன்னு எரிஞ்சுகிட்டே இருக்கலாம், அது வேற கணக்கு.

கோடுன்னா பேனாக் கோடு இல்ல, நம்ம வனத்துறைக்காரங்க தீத்தடுப்புக் கோடுன்னு சொல்றது. புல்லு, சருகு, வேரு எல்லாத்தயும் வெறும் மண்ணு தெரியுற வரைக்கும் வழிச்சு எடுக்கறது. மட்டமான எடத்துல புல்டோசர் போகும், அது ஏறாத சரிவுல ஆளுங்க வரிசையா நின்னு, முன்னாடி ஆள் ஒரு வெட்டு பின்னாடி ஆள் ஒரு வெட்டுன்னு மலை மேல ஏறிக்கிட்டே வெட்டணும். ரோடு, ஆறு, ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச காடு இதெல்லாமும் கோட்டுல சேத்துக்குவாங்க. சில எடத்துல கோட்டுக்கும் தீக்கும் நடுவுல இருக்கறத அவங்களே கொளுத்தி விடுவாங்க, எதிர்த்தீ, வரும்போது அதுக்கு திங்க ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு. வேகமா பரவுற தீல மொத ரெண்டு நாளு ஆள வெளிய கொண்டு வர்றது, வீட்ட காப்பாத்துறது இதுலயே எல்லா ஆளும் போயிரும், அப்ப எவன் போய் கோடு வெட்டுவான், ஜீரோன்னுதான் நிக்கும். ஜீரோன்னா சும்மா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு கூத்து என்னன்னா அந்த நம்பர் கீழயும் எறங்கும். 20 கிலோமீட்டர் சுத்தளவுல 5 கிலோமீட்டர் கோடு போட்டா 25 பர்சன்ட், மறுநா சுத்தளவு 50 ஆயிருச்சுன்னா அதே 5 கிலோமீட்டர் வெறும் 10 பர்சன்ட். போட்ட கோடு அப்படியேதான் இருக்கு. உங்கப்பா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருந்தாரு, ஆனா அந்த கணக்கு பெரும்பாலும் காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுதான் மாறும், ராத்திரி சூடு பாக்குற கேமரா வச்ச விமானம் மேல பறந்து ஓரத்த அளந்துட்டு வரும், அத வச்சு காலைல அடுத்த ஷிப்ட்டுக்கு வேல பிரிப்பாங்க. நடுவுல எத்தன தடவ தேச்சாலும் அதேதான் வரும். சொன்னா கேக்கணுமே.

இப்ப திட்டு. ஒம்போது மணிக்கு தயாரா இருங்கன்னு வார்னிங் வந்துருச்சு. கெளம்புங்கன்னு ஆர்டர் வந்தது ராத்திரி ரெண்டே முக்காலுக்கு. நடுவுல அஞ்சே முக்கா மணி நேரம் நீ என்ன பண்ணிட்டு இருந்த? உன் வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு, "மேல பிளேனு சுத்துதும்மா, செவப்பா ஊத்திட்டு போனாங்க, பாத்துக்குவாங்க"ன்னு. அந்த செவப்பு என்னன்னு தெரியுமா உனக்கு? தண்ணியோட ஒரம் மாதிரி பாஸ்பேட் உப்ப கரச்சு, எங்க ஊத்துனோம்னு அடுத்து வர்ற பைலட்டுக்கு தெரியணும்னு செவப்பு சாயத்த போட்டது. அது தீய அணைக்காது, முன்னாடி இருக்குற செடி கொடி மேல படிஞ்சு வேகத்த கொறைக்கும், அந்த நேரத்துக்குள்ள தரைல ஆளு வந்து கோட்ட முடிக்கணும். டிசி 10 மாதிரி பெரிய பிளேனு ஒரே தடவைல 35,000 லிட்டருக்கு மேல கொட்டுது, சிஎல் 415ன்னு ஒண்ணு ஏரி மேல உரசிக்கிட்டே போய் 12 செகண்ட்ல 6,000 லிட்டர் அள்ளிக்குது, பாக்க எனக்கே ஆசையாத்தான் இருக்கு, ஆனா காத்து ஓவரா அடிச்சா எதுவும் பறக்காது. 2025 ஜனவரி 7 லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதுதான் நடந்துச்சு, எப்ப ரொம்ப தேவையோ அந்த ராத்திரி காத்துனால விமானத்தயெல்லாம் எறக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு எவனோ வேடிக்க பாக்க விட்ட டிரோன் ஒண்ணு தண்ணி ஊத்துற விமானத்தோட றெக்கைல இடிச்சு ஓட்ட போட்டு அந்த விமானம் சும்மா நின்னுச்சு. நீ டிரோன் வாங்கப்போறேன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

நீ பாக்க வேண்டியது பிளேனயும் இல்ல பர்சன்ட்டயும் இல்ல. காத்த பாரு, சரிவ பாரு. தீக்கு மேட்டுல ஏர்றது எறக்கத்த விட சுலபம், மேல இருக்குற புல்ல முன்னாடியே காய வச்சுக்கிட்டே வரும், 10 டிகிரி சரிவு கூடுனா வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு சொல்றாங்க. தேனி குரங்கணில 2018 மார்ச் 11 ட்ரெக்கிங் போன பிள்ளைங்க புல்லு மூடுன சரிவுலதான் மாட்டுனாங்க, இருபது உசுருக்கு மேல போச்சு, அந்த வாரம் பூரா நான் டிவிய அணைக்கவே இல்ல, நீயும் அப்ப அதே வயசு. அதே மாதிரி காத்து திரும்புற நேரம். ஆஸ்திரேலியால 2009 பிப்ரவரி 7, அன்னிக்கி 173 பேர் இறந்தாங்க, அங்க சாயந்திரம் காத்து திரும்பி தென்மேற்குலேர்ந்து அடிக்க ஆரம்பிச்சதும் அது வரைக்கும் நீளமா பக்கவாட்டுல கெடந்த தீயோட ஓரம் முழுசும் ஒரே நிமிஷத்துல முன்பக்கமா மாறிருச்சு. பக்கத்துல இருந்தவன் நமக்கு இல்லன்னு நெனச்சிருப்பான். உங்க பக்கமும் ராத்திரி ஒரு மணிக்கு மேல காத்து திரும்பும்னு வானிலைல சாயந்திரமே போட்டிருந்தான், நான் அத உனக்கு அனுப்பியும் இருந்தேன், அந்த தப்பு மேப்புக்கு மேல ரெண்டு மெசேஜ் தள்ளி. அத நீ பாக்கல. அம்மா அனுப்புறதுல எது உருப்படி எது புரளின்னு எப்படி பிரிக்கறதுன்னு நீ கேப்ப, நியாயம்தான்.

லேட்டா கெளம்புறதுல இன்னொரு ஆபத்து ரோடு. போர்ச்சுகல்ல 2017 ஜூன் 17 பெட்ரோகாவோ கிராண்டேங்கற எடத்துல இறந்த 60க்கு மேல பட்டவங்கள்ல பாதிக்கு மேல வீட்டுல இல்ல, ரோட்டுல தப்பிச்சு போகும்போது. நீ மூணு மணிக்கு கார்ல நின்ன வரிசைய வீடியோவா அனுப்புன, முன்னாடி ஃபுல்லா செவப்பு லைட்டு, மேல காயிதம் எரிஞ்ச மாதிரி பொறி பறக்குது, பின்னாடி பிள்ள இருமுது. அந்த வீடியோவ நான் ரெண்டாவது தடவ பாக்கல.

இன்னொரு தப்பும் என்னோடதுதான், மறைக்க மாட்டேன். "கெளம்பும்போது தோட்டத்து பைப்ப தொறந்து கூரை மேல விட்டுட்டு போ"ன்னு நான்தான் சொன்னேன். நல்லவேள நீ கேக்கல. ஒவ்வொரு வீட்டுலயும் அப்படி விட்டா தீயணைப்பு வண்டிக்கு வர்ற குழாய்ல பிரஷர் போயிருமாம். அதுக்கு பதிலா ஜன்னல் கதவு எல்லாம் சாத்திட்டு, கேஸ அணைச்சுட்டு, வாசல்ல கெடக்குற கால்மிதி நாற்காலிய தள்ளி வச்சுட்டு, லைட்ட மட்டும் எரிய விட்டுட்டு போகணும், பொகைல வீடு இருக்குறது அவங்களுக்கு தெரியணும்ல. பெரும்பாலான வீடு தீ நேரா வந்து தொட்டு எரியறதில்ல, கிலோமீட்டர் தாண்டி பறந்து வர்ற கங்கு கூரைத் தகரத்து இடுக்குலயும் மழைத்தண்ணி போற காவாய்ல கெடக்குற சருகுலயும் விழுந்துதான் புடிக்குது. அந்த சருகு மேட்டர் நான் போன வருஷம் வீடியோ கால்லயே பாத்து சொன்னேன், "லீவுல பண்றேம்மா"ன்ன. எத்தன லீவு போச்சு.

நேத்து நீ சொன்னதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்ன தெரியுமா. உங்க வீட்டுக்கு பின்னாடி மேட்டுல தீயணைக்க வந்த ஒரு பையன் குத்தவச்சு ஒக்காந்து கையுறைய கழட்டிட்டு பொறங்கைய சாம்பல்ல வச்சு வச்சு பாத்துகிட்டே நகர்ந்தான்னு சொன்னல்ல. அதுதான் வேலையே. கோட்டுக்கு உள்பக்கம் அங்குலம் அங்குலமா தடவி, சூடு இருந்தா தோண்டி, தண்ணி ஊத்தி கெளறி, திரும்ப தடவி. இத எவனும் படம் எடுக்க மாட்டான், டிவில வராது. ஆனா லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜனவரி 7ன்னு சொன்னேன்ல, அந்த பெரிய பாலிசேட்ஸ் தீயே புதுசு இல்ல, ஆறு நாளைக்கு முன்னாடி புத்தாண்டன்னிக்கி எரிஞ்சு அணைஞ்ச 8 ஏக்கர் சின்ன தீ வேருக்கு அடில கனிஞ்சுகிட்டே இருந்து காத்து வந்ததும் எந்திரிச்சதுன்னுதான் அங்க அரசு தரப்பு கோர்ட்டுல சொல்லிருக்கு. கனடால ஃபோர்ட் மக்முர்ரேல 2016 மே மாசம் புடிச்ச தீ, ஜூலைல கட்டுக்குள்ள வந்துருச்சு, முழுசா அணைஞ்சுதுன்னு அறிவிச்சது 2017 ஆகஸ்ட்ல. நடுவுல ஒரு பனிக்காலமே போச்சு. அதனால இப்ப உங்களுக்கு 90 பர்சன்ட்னு போட்டத பாத்துட்டு கெளம்புறப்ப எடுத்துட்டு போன பைய பிரிச்சு துணிய அலமாரில அடுக்கிறாத. மேட்டுல எங்கயாவது வெள்ளப் பொக தனியா எழும்புனா போய் மிதிக்காத, போன் போட்டு சொல்லு, அடில வேரு எரிஞ்சு பள்ளமா இருக்கும், கால் உள்ள போயிரும்.

அப்புறம் மழை. மழை வந்தா நல்லதுன்னு நெனப்ப, நானும் அப்படித்தான் நெனச்சேன். எரிஞ்ச மேட்டு மண்ணு தண்ணிய உள்ள வாங்காது, புடிச்சு வைக்க செடியும் இல்ல. கலிபோர்னியால மான்டசீட்டோங்கற ஊருக்கு மேல மலைல 2017 டிசம்பர்ல தாமஸ் தீ எரிஞ்சுது, அது முழுசா கட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே 2018 ஜனவரி 9 விடியக்காலைல மழை கொட்டி சேறும் பாறையும் உருண்டு வந்து 23 பேர் போயிட்டாங்க. உங்க வீட்டுக்கு பின்னாடி மேடு எவ்வளவு தூரம் கருகிருக்கு, தண்ணி எறங்குனா எந்த வழியா வரும்னு பகல்ல ஒரு தடவ நடந்து பாத்துட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. மருமககிட்ட சொல்லி பிள்ளைக்கு இருமல் நின்னுச்சான்னும் எழுத சொல்லு.

உங்கப்பா எந்திரிச்சுட்டாரு. மழை எப்பன்னு பாக்க எந்த ஆப் நல்லதுன்னு கேக்குறாரு.

அம்மா