கோழித் தீவனத்தின் மயில்துத்தமும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி விழுங்கும் பழக்கத்தைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட எதனோடும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், மருந்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தாமாகவே ஒழிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், அது பாதி உண்மைதான், தீவனத்தில் கலக்கும் உலோகங்களும் வீணாகப் பயன்படுத்தும் கிருமிநாசினிகளும்கூட அக்கிருமிகளை வாழவைக்கலாம் என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். விலங்குகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கப்பட்டுவந்த அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக், மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் வான்கோமைசினின் நெருங்கிய உறவு என்பதால், அந்நாடு 1995-ல் அதைத் தடை செய்தது. கறிக்கோழிகளில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் கிருமிகள் குறையத் தொடங்கின. பன்றிகளிலோ சில ஆண்டுகள் அசையவே இல்லை. ஆராய்ந்தபோது, வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும், பன்றிகளுக்குத் தொடர்ந்து கொடுக்கப்பட்டுவந்த டைலோசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில், அதாவது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையத்தில், இருந்தது தெரியவந்தது. அதே பிளாஸ்மிடில் தாமிரத்தைத் தாங்கும் மரபணு ஒன்றும் இருந்தது. தீவனத்தில் கிலோவுக்கு 175 மில்லிகிராம் தாமிரம் இருக்கும்படி தாமிர சல்பேட் கலந்து பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில், தாமிரத்தைத் தாங்கும் கிருமிகளே குடலில் பெருகின. அப்படிப் பெருகும் கிருமி, பிளாஸ்மிடில் உள்ள மற்ற மரபணுக்களையும் சேர்த்தே பெருக்குகிறது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திய பின்னும் உலோகம் அந்தக் கிருமிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

தாமிர சல்பேட் வேறெதுவும் இல்லை, நம் பண்ணைகளில் எல்லோருக்கும் தெரிந்த நீல நிற மயில்துத்தம்தான். தாதுக் கலவையில் சிறிதளவு சேர்வது போதாதென்று, பூஞ்சைக்கு மருந்தாகவும் தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கப்படுகிறது. கோழிக்குத் தாமிரமும் துத்தநாகமும் அவசியம், மறுக்கவில்லை. தேவைக்கு மேல் போகும் பகுதிதான் சிக்கல். உடல் ஏற்றுக்கொள்ளாத உலோகம் எச்சத்தோடு வெளியேறி, கோழி எருவாக மரவள்ளிக் காட்டுக்கும் மஞ்சள் காட்டுக்கும் போய்ச் சேர்கிறது. ஆன்டிபயாடிக் நாளடைவில் சிதைந்துபோகலாம். உலோகம் சிதையாது, ஆண்டுதோறும் மண்ணில் கூடிக்கொண்டே போகும்.

துத்தநாகத்தின் கதையும் இதே போக்கில்தான். பன்றிகளில் பரவிய, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் பலவற்றில், அந்த எதிர்ப்பைத் தரும் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் காணப்பட்டது. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தளவில் கொடுக்கப்பட்ட துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் விலக்கியதற்குச் சுற்றுச்சூழல் மாசே முதன்மைக் காரணம். என்றாலும் இந்த ஆபத்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. (நம் தலைமுறையின் முழங்கால் காயங்களில் தடவப்பட்ட சிவப்பு மருந்தான மெர்குரோகுரோமும் ஒரு பாதரசச் சேர்மமே. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புகழ்பெற்ற பிளாஸ்மிட் ஒன்றில் நான்கு வகை ஆன்டிபயாடிக்குகளுக்கான எதிர்ப்போடு பாதரச எதிர்ப்பும் இருந்தது.)

கிருமிநாசினிகளின் வழி சற்று வேறு. பாக்டீரியா தனக்குள் புகுந்த நஞ்சை வெளியே இறைத்துத் தள்ளும் புரதப் பம்புகளைக் கொண்டிருக்கிறது. கிருமிநாசினியை வெளியேற்றும் அதே பம்பு சில ஆன்டிபயாடிக்குகளையும் வெளியேற்றிவிடும். கொல்லும் அளவில் அடிக்கும்போது ஆபத்து குறைவு. கழுவி விடப்பட்டு, சாக்கடையில் நீர்த்துப்போய், கொல்லாமல் சீண்டும் அளவில் நெடுநாள் தங்கும்போதுதான் தாங்கும் வகைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சோப்புகளில் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினியின் வழி இன்னும் நேரடியானது. காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவான ஒரு பாக்டீரியாவில், டிரைக்ளோசானுக்குத் தப்பிய சில வகைகள் காசநோய் மருந்தான ஐசோனியசிடுக்கும் அடங்காதிருந்தன. இரண்டும் தாக்குவது ஒரே நொதியை. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்க அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட இவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிறுவவில்லை என்பதே அது சொன்ன காரணம்.

இதைப் படித்துவிட்டு மருத்துவமனைகளில் கிருமிநீக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. அறுவை அரங்குக்குக் கிருமிநாசினி கட்டாயம் தேவை. நோயாளி இல்லாத வீட்டின் கூடத்தைப் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி கலந்த திரவத்தால் தினமும் துடைக்கத் தேவை இல்லை. ஆவியாகிவிடும் ஆல்கஹாலும் விரைவில் சிதையும் பிளீச்சிங் கரைசலும் அவ்வாறு நெடுநாள் எஞ்சி நிற்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது பாராட்டத்தக்கது. அதன் பயனை அளக்கப் பண்ணைகளில் எச்ச மாதிரி எடுக்கும் ஆய்வகங்கள், அதே மாதிரியில் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் அளந்து, இரண்டு முடிவுகளையும் அருகருகே வெளியிட வேண்டும். தீவன ஆலைகள் மூட்டையின் மேல் இவ்விரு உலோகங்களின் அளவையும் அச்சிட்டால், ஏற்கெனவே தீவனத்தில் இருப்பதற்கு மேல் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றலாமா என்று பண்ணையாளரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்.