புள்ளிக் குறைப்பில் தவறில்லை, அது வரும் காலத்தில்தான் தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கின் நிதி விதிகளைப் பற்றித் தங்கள் இதழின் விளையாட்டுப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கணக்குப் புத்தகத்தில் நடந்த மீறலுக்கு ஆடுகளத்தில் புள்ளிகளைக் குறைப்பது வீரர்களையும் ரசிகர்களையும் தண்டிப்பதாகும் என்றும், அபராதத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டிய எவர்ட்டன் கிளப்பின் நெடுநாள் ரசிகன் என்ற முறையில், அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும் பணக்காரர் ஒருவர் உரிமையாளராக இருக்கும் கிளப்புக்கு அபராதம் என்பது செலவுப் பட்டியலில் கூடும் இன்னொரு பதிவு, அவ்வளவுதான். கையில் காசில்லாத கிளப்புக்கோ அதே அபராதம் இருக்கும் கடனை இன்னும் பெருக்கும். 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத் இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கி, ஒன்பது புள்ளிகளை இழந்து, பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கியது. 1885இல் தொடங்கப்பட்ட பரி கிளப்பைப் பண நெருக்கடியால் 2019 ஆகஸ்டில், பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கிலிருந்தே நீக்கினார்கள். வரவுக்கு மீறிச் செலவழிக்கும் உரிமையாளர்களைத் தடுக்கக் கடுமையான விதி இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று தேவையில்லை. புள்ளிகளை எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எந்த சீசனின் புள்ளிகளை எடுக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

எவர்ட்டன் வழக்கையே பார்ப்போம். அப்போதைய விதிப்படி மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப்புக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நட்டம் 10 கோடியே 50 லட்சம் பவுண்டு. 2021-22 சீசனோடு முடிந்த கணக்கில் எவர்ட்டனின் நட்டம் 12 கோடியே 45 லட்சம் பவுண்டு என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. மிகையான அந்தச் செலவோடு ஆடிய 2021-22 சீசனில், கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்த எவர்ட்டன் 3-2 என வென்று தரமிறக்கத்திலிருந்து (கடைசி மூன்று இடங்களில் முடித்துக் கீழ் லீக்குக்கு இறங்குவதிலிருந்து) தப்பியது. கால்வெர்ட்-லூவின் தலையால் முட்டிய அந்த மூன்றாவது கோலுக்குப் பிறகு குடிசன் பார்க் மைதானத்துக்குள் ரசிகர்கள் வெள்ளமாக இறங்கிய காட்சியை எந்த எவர்ட்டன் ரசிகரும் மறக்க மாட்டார். சீசன் முடிவில் எவர்ட்டனுக்கு 39 புள்ளிகள், லீட்ஸுக்கு 38. 35 புள்ளிகள் பெற்ற பர்ன்லி இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது.

2023 நவம்பரில் ஆணையம் பத்துப் புள்ளிகளைக் குறைத்தது. மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது ஆறாகக் குறைந்தது. அந்த ஆறு புள்ளிகளை, மீறல் கணக்கு முடிந்த 2021-22 சீசனிலேயே எடுத்திருந்தால் எவர்ட்டன் 33 புள்ளிகளோடு இறங்கியிருக்கும், பர்ன்லி தப்பியிருக்கும். எடுத்ததோ 2023-24 சீசனில். அந்த ஆண்டு இன்னொரு மீறலுக்காக மேலும் இரண்டு புள்ளிகளை இழந்தும் எவர்ட்டன் 40 புள்ளிகளுடன் பாதுகாப்பாகவே நின்றது. பத்தாம் வகுப்புத் தேர்வில் காப்பியடித்ததற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணைக் குறைப்பது போன்றது இது. இடையில் உரிய இடத்தை இழந்தவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எவர்ட்டனின் கணக்கைக் குறித்துப் பர்ன்லியும் லீட்ஸும் 2022 மே மாதத்திலேயே பிரீமியர் லீக்குக்குக் கடிதம் எழுதியிருந்தன என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். குற்றச்சாட்டு பதிவானது 2023 மார்ச்சில்தான்.

பத்துப் புள்ளிகள் குறைந்த அன்று எவர்ட்டன் 14 புள்ளியிலிருந்து நான்குக்கு இறங்கிப் பட்டியலில் பத்தொன்பதாம் இடத்துக்குப் போனது. அடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த ஆட்டத்தில், லீக்கின் சின்னத்தோடு 'ஊழல்' என்று அச்சிட்ட இளஞ்சிவப்பு அட்டைகளைக் குடிசன் பார்க் முழுவதும் தூக்கிப் பிடித்தார்கள். அவர்களுடைய கோபத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். பணத்தை வீணடித்த உரிமையாளரையும் நிர்வாகத்தையும் எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் அந்த ரசிகர்களே. ஆனால் 2022இல் மைதானத்திலிருந்து கண்ணீரோடு வீடு திரும்பிய பர்ன்லி ரசிகர்களுக்கு ஓர் அட்டையைத் தூக்கிப் பிடிக்கும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லையே!

இதே விதியை மீறிய இன்னொரு கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வழக்கில் வேகம் கூடியது. குற்றம் சாட்டிய 2023-24 சீசனுக்குள்ளேயே நான்கு புள்ளிகளைக் குறைத்தார்கள். முன்னேற்றம்தான். இருந்தும் மேல்முறையீட்டின் முடிவு, சீசன் முடியும் மே மாதத்தில்தான் வந்தது. அதுவரை அடித்தட்டில் போராடிய லூட்டன் ரசிகர்கள் எந்தப் பட்டியலை நம்புவது என்று தெரியாமல் ஆட்டம் பார்த்தார்கள். ஃபாரஸ்ட்டின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மூன்றில் இரண்டு ஆண்டுகளைக் கீழ் லீக்கில் கழித்ததால் அதற்கு அனுமதித்த நட்டம் 6 கோடியே 10 லட்சம் பவுண்டு மட்டுமே. தன் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை, கணக்கு முடியும் ஜூன் 30க்குள் குறைந்த விலைக்கு விற்காமல், செப்டம்பர் வரை காத்திருந்து டாட்டன்ஹாமுக்குச் சுமார் 4 கோடியே 75 லட்சம் பவுண்டுக்கு விற்றது. கிளப்பின் நிதிநிலைக்கு அதுவே நல்லது. விதியின் கண்ணில் அது தாமதம்.

இந்த ஜூன் 30 படுத்தும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் எழுதுகிறார்கள். சொந்தப் பள்ளியில் வளர்ந்தவருக்குக் கணக்கில் விலையே இல்லை என்பதால் விற்ற தொகை முழுவதும் லாபமாகிவிடுகிறது. சிறுவயது முதல் நியூகாசிலிலேயே வளர்ந்த எலியட் ஆண்டர்சனை 2024 ஜூன் இறுதியில் அந்தக் கிளப் விற்றதற்குக் காரணம் இதுதான். ரசிகர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் உள்ளூர்ப் பையனை முதலில் விற்கத் தூண்டும் விதியைக் கிளப்பின் நலனுக்கானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செல்சி கிளப்போ தன் இரு ஹோட்டல்களைத் தன் குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்துக்கே விற்று, 7 கோடியே 65 லட்சம் பவுண்டை வரவில் காட்டியது. பிரீமியர் லீக்கின் விதிகள் அதைத் தடுக்கவில்லை.

மான்செஸ்டர் சிட்டி மீதான நூற்றுக்கும் மேற்பட்ட நிதி விதி மீறல் குற்றச்சாட்டுகளைப் பற்றிக் கட்டுரையாளர் நிறையவே எழுதியிருந்தார். அந்தக் கிளப் அவற்றை மறுத்துவருவதால் உண்மை பொய்யைப் பற்றி நான் பேசப்போவதில்லை. குற்றச்சாட்டுகளின் தொடக்கம் 2009-10 சீசன். அவற்றின் மீதான விசாரணை அமர்வு தொடங்கியதோ 2024 செப்டம்பரில். இத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எந்தத் தண்டனையும் யாருக்கும் நியாயமாக இருக்க முடியாது.

ஸ்பெயினில் முறையே வேறு. ஒவ்வொரு கிளப்பும் வீரர்களுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அந்நாட்டின் முதல்நிலை லீக்கான லா லிகா முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. வரம்பைத் தாண்டினால், செலவைக் குறைக்காமல் புதிய வீரரைப் பதிவு செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியையே பார்சிலோனாவால் தக்கவைக்க முடியாமல் போனது அப்படித்தான். அதே கிளப்பின் இன்னொரு வீரரான டானி ஓல்மோவை 2025 ஜனவரியில் ஸ்பெயின் அரசின் விளையாட்டு மன்றம் தலையிட்டுத் தற்காலிகமாகப் பதிவு செய்ய அனுமதித்தபோது அந்த முறையிலும் ஓட்டை தெரிந்தது. என்றாலும், ஆட முடியாத வீரரால் யாருடைய புள்ளியும் பறிபோவதில்லை. இங்கிலாந்து பின்பற்ற வேண்டிய வழி இதுவே என்று உறுதியாக நம்புகிறேன்.

2026-27 சீசன் முதல் வீரர்களுக்கான செலவு வருவாயில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற புதிய விதிக்குப் பிரீமியர் லீக் கிளப்புகள் மாறுகின்றன. விழுக்காடு எண்பத்தைந்தா எழுபதா என்று விவாதிப்பதற்கு முன், இரண்டு உறுதிகளை ரசிகர்கள் கேட்டுப் பெற வேண்டும். வரம்பைத் தாண்டும் கிளப் புதிய வீரரைப் பதிவு செய்வதை அந்தக் கணமே தடுக்க வேண்டும். அதையும் மீறிப் புள்ளிக் குறைப்பு தேவைப்பட்டால், மேல்முறையீடு உட்பட அனைத்தும் அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
எவர்ட்டன் ரசிகரான வாசகர்