பதிவேட்டில் ஒன்றாம் எண்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. மாத்திரை போடுகிறார். ஆமாம், அவரேதான். ஒருகாலத்தில் காய்ச்சலுக்குக்கூட மாத்திரையைத் தொடவிடாத மனுஷன். கேட்டால் "லூக்கா வைத்தியன்தானே" என்கிறார்.

நீ சாப்பிடுகிறாயா? ராத்திரி ஹாஸ்டலில் என்ன போடுகிறார்கள்? அந்தப் பக்கம் வந்துபோன நம் சபைப் பிள்ளை ஒருவன், நீ மெலிந்துபோய் இருக்கிறாய் என்று சொன்னான். இன்னொன்றும் சொன்னான். அதை விடு. படிப்பை மட்டும் பாதியில் விட்டுவிடாதே.

நான் அனுப்பிய ஆயிரம் ரூபாயைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அம்மா பணத்துக்கு என்ன வந்தது? காணிக்கைப் பணம் இல்லை அது, நான் துணி தைத்த பணம். வாட்ஸ்அப்பில் காலையில் வசனம் போட்டால் ரெண்டு நீலக்கோடு விழுகிறது. முன்னெல்லாம் ஒரு ஆமென்னாவது போடுவாய். போன் பண்ணினால் "ம்", "சரிம்மா", "வைக்கிறேன்". அதனால்தான் கடிதம். இதற்கு ம் சொல்ல முடியாது பார்.

வெள்ளிவிழா அன்று நீ நடுவில் எழுந்து போனதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. வெயிலுக்குத் தலை சுற்றியது என்றாய். சரி. பந்தல் இருந்தது, ஆறு ஃபேன் ஓடியது, ஆனாலும் சரி. அப்பா மலரிலிருந்து சபை வரலாறு வாசித்துக்கொண்டிருந்தார், ரெண்டாவது பக்கம் திருப்பினார், நீ எழுந்தாய். திருவிருந்துக்கும் திரும்பி வரவில்லை. ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். கட்டிவைத்த முறுக்கு டப்பா திண்ணையிலேயே இருந்தது.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே எய்யா. அவர் பட்ட பாடு நீ முழுசாகப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை, சின்னச் சம்பளம்தான், ஆனால் மாதம் பிறந்தால் வரும். அதை விட்டுவிட்டு வந்து "ஊழியத்துக்கு அழைப்பு" என்று நின்றபோது நான் மூணு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூணு வருஷத்தில் நாலு வீடு மாறினோம். ஜெபம் என்றால் வாடகைக்குக் கொடுப்பார்கள். அந்நிய பாஷையும் கைத்தட்டும் கேட்ட மறுவாரம் "பாஸ்டர், எங்க அத்தைக்கு முடியலை, வீட்டைக் காலி பண்ணிக் குடுங்க" என்பார்கள். கொட்டகை போட்டோம், ஆனிக்காற்று ஓலையைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டது. திரும்ப வேய்ந்தோம், ஆடிக்காற்று வந்தது. தகரம் போட்ட பிறகு மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது, பாட்டுதான் பாட வேண்டும். மனு போட்டார்கள், அனுமதி இல்லாமல் ஜெபவீடு நடத்துகிறார் என்று. கலெக்டர் ஆபீசுக்கு அப்பா சைக்கிளில் எத்தனை நடை போனார் என்று அந்தச் சைக்கிளுக்குத்தான் தெரியும்.

2002 அக்டோபரில் மதமாற்றத் தடைச்சட்டம் வந்ததே, அது உனக்கு ஞாபகம் இருக்காது. கட்டாயத்தினாலோ ஆசைகாட்டியோ மாற்றினால் மூணு வருஷம்வரை ஜெயில். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ பட்டியல் சாதியாகவோ இருந்தால் நாலு வருஷம்வரை. நம் சபையில் பெண்களைத் தவிர யார் இருந்தார்கள்? எவன் எதைக் கட்டாயம் என்று எழுதிக்கொடுப்பானோ என்ற பயம். 2004-ல் அதை எடுக்கும்வரை ஞானஸ்நானம் என்ற வார்த்தையை அப்பா மெதுவாகத்தான் சொல்வார். ஆனால் கூட்டத்தை ஒரு வெள்ளிக்கிழமைகூட நிறுத்தவில்லை. "1860-ல் கிறிஸ்தியான்பேட்டையில் சுவிசேஷகர் அருளப்பன் காலத்திலேயே நம்ம ஜனம் ஆவியில் நிறைஞ்சு அந்நிய பாஷை பேசியாச்சு, அமெரிக்காவுல அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷம் முன்னாடி" என்று ஆரம்பித்து விடுவார். உனக்கும் எனக்கும் மனப்பாடம். இதையெல்லாம் நினைத்துப் பார். படிப்பை விடாதே என்று சொல்ல வந்தேன், எங்கேயோ போகிறேன்.

ஆச்சி தவறினது ரெண்டாம் வருஷம். சித்திரை வெயில். நாம் விட்டுவந்த கோவிலில் சந்தா நிற்கிறது, பேரை அடித்தாயிற்று, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். ஐம்பது வருஷம் அங்கே சந்தா கட்டினவள் ஆச்சி. காலையிலிருந்து உடம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா அப்பாவைப் பார்த்து "அல்லேலூயா சொல்லு, வானத்துல இடம் குடுப்பாங்க" என்றார். மூணு மணிக்கு ஒருத்தர் வாசலில் வந்து நின்று, "எங்க தெரு இடத்துல தோண்டச் சொல்லிட்டேன், தூக்குங்க" என்றார்கள். பெரியப்பா வாய்க்கால் பாலத்தோடு நின்றுகொண்டார். அதற்கப்பால் வரவில்லை.

யார் வந்து சொன்னது என்று உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருதரம் ஆச்சி கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். அது எந்த இடம் என்று நான் என் அக்கா தங்கச்சிகளிடம் இன்றுவரை சொன்னதில்லை. "சபைக்குச் சொந்தமான இடம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பீடி அத்தையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சர்க்கரை, கொட்டகை என்று சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அவங்க என்று எழுதுகிறேன். வீட்டில் நான் அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கமாட்டாய். என்னைவிட ஆறு வயது மூத்தவங்க. என்னை "அக்கா" என்று கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிடவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சபை வரலாற்றில் "1998-ல் பாஸ்டர் அவர்கள் தமது இல்லத்தில் ஐந்து பேருடன் ஆரம்பித்தார்" என்று இருக்கிறதே, அது பொய். நம் வீட்டில் ஆரம்பிக்கவில்லை. அவங்க வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது, யாரும் அதற்குக் கூட்டம் என்று பேர் வைக்கவில்லை. கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து ஏழெட்டுப் பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள், அவங்க பாடுவாங்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள், யார் பிள்ளைக்காவது காய்ச்சல் என்றால் அப்படியே தூள் கையைத் தலையில் வைத்து ஜெபம். அப்பா மஞ்சள்காமாலையில் கிடந்தபோது அந்தக் கைதான் அவர் தலையிலும் இருந்தது. அதை அப்பா சாட்சியில் சொல்லுவார், "ஒரு சகோதரி" என்று.

அப்பா பாஸ்டர் ஆனதும் முதல் சண்டையே பீடியில்தான். விசுவாசி புகையிலையைத் தொடலாமா? அபிஷேகம் பெற்ற கை பீடி சுற்றலாமா? ரெண்டு வெள்ளிக்கிழமை அதையே பிரசங்கம் பண்ணினார். மூணாவது வெள்ளிக்கிழமை அவங்க எழுந்து நின்று, "பாஸ்டர், ஆயிரம் பீடி சுத்தினா நூறு பீடிக் கூலியைக் கர்த்தருக்குன்னு எடுத்து வைக்கேன். அதை வேண்டாம்னு சொல்லுங்க, நாளைக்கே சுளகைக் கவுத்திருதேன்" என்றாங்க. அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குக் காணிக்கைப் பெட்டியில் இருந்தது முழுக்கப் பீடிக்கூலி, எண்ணினவள் நான். அதன் பிறகு அந்தப் பிரசங்கம் வரவில்லை. கொட்டகைக்கு ஓலையும், முதல் டாம்பரினும், உனக்குப் பால் பவுடரும் அந்தக் கூலிதான்.

தாமிரபரணியில் ஞானஸ்நானம் எடுத்த காலையில் அப்பா கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். எடுத்தால் சொந்தம் போய்விடும் என்ற நினைப்பு. அவங்கதான் முதலில் இறங்கினாங்க. அப்புறம் அப்பா. அப்புறம் நான். பதிவேடு எழுத ஆரம்பித்தபோது அவங்க மூத்த பிள்ளை பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பேர் ஏறினால் பிள்ளையின் சாதிச் சர்ட்டிபிகேட்டுக்கு வினை வரும். உனக்கு இதெல்லாம் பாடம். பட்டியல் சாதி இந்துக்களுக்கு மட்டும்தான் என்று 1950 ஆகஸ்ட் 10-ல் போட்ட உத்தரவு சீக்கியருக்கு 1956-ல் திறந்தது, பௌத்தருக்கு 1990-ல் திறந்தது, கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. "எனக்கு ஒரு கோடு போட்டு வைங்க அக்கா, அது யாருன்னு கர்த்தருக்குத் தெரியும்" என்றாங்க. போட்டேன். 1 என்று எழுதி, எதிரே ஒரு கோடு. 2 அப்பா. 3 நான். பதிவேடு இப்போதும் என் பீரோவில்தான் இருக்கிறது.

மலருக்கு அப்பா எழுதிய தாளில் அவங்க பேர் இருந்தது. ஞானஸ்நானம் என்ற வார்த்தை இல்லாமல், திண்ணை தந்தாங்க, ஜெபித்தாங்க, ஆச்சிக்கு இடம் தந்தாங்க என்று முக்கால் பக்கம். நீ அப்பாமேல் கோபமாக இருக்கிறாய், எனக்குத் தெரியும். அடித்தது அவர் இல்லை. நான். பச்சை மையில் அடித்து, "வேண்டாம், அந்தப் பையன் வேலைக்கு ஆபத்து, எவனாவது மலரைத் தூக்கிக்கொண்டு போய் மனுக் கொடுப்பான்" என்று சொன்னேன். அப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அவர் நிஜமாகவே பயந்தார். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தான். மீதியெல்லாம், என் தங்கச்சி வீட்டுக்காரர்கள் அந்த மலரை வாசிப்பார்கள், ஆச்சி எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்துவிடும், அக்கா குடும்பம் யார் திண்ணையில் ஆரம்பித்தது என்று சிரிப்பார்கள் என்பதுதான். பேரை விட்டுவிட்டு "ஒரு சகோதரி" என்று போட்டிருக்கலாமே. அதைக்கூட அடித்தேன். மலரில் 2-ஐ 1 ஆக்கினதும் நான்தான்.

இன்னும் இருக்கிறது. திருவிருந்துக்கு முன்பு ஒரே பாத்திரம்தானே, அது சின்னச் சின்னக் கப்பாக மாறியது சுகாதாரத்துக்காக என்று அப்பா சபையில் சொன்னார். பேப்பரில் காய்ச்சல் செய்தி வந்த நேரம், எல்லாரும் நம்பினார்கள். யோசனை என்னுடையது. எனக்கு முன்னால் பாத்திரம் யார் கையிலிருந்து வரும் என்று ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ மூணு வயதில் அவங்களை "அத்தே" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாய். அத்தை என்றால் அப்பாவின் தங்கை முறை ஆகிவிடுகிறதே. "அப்படிச் சொல்லக்கூடாது, சபையில் எல்லாரும் சிஸ்டர், சிஸ்டர்னு கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்தேன். பக்தியான வார்த்தை, யாரும் குறை சொல்ல முடியாது. நீ என் முன்னால் சிஸ்டர் என்றும் அவங்க வீட்டில் அத்தை என்றும் சொல்லப் பழகிக்கொண்டாய். அவங்களுக்கு அது தெரிந்திருக்கும். நம் சபையை விட்டுப் போனதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. முட்டி வலி, நடக்க முடியவில்லை என்றாங்க. இப்போது அதைவிடத் தூரத்துச் சபைக்குப் போகிறாங்க.

போன கிறிஸ்துமஸ் லீவில் நீ சொன்னாயே, அசூசா தெரு எழுப்புதலை நடத்திய சீமோர் ஹூஸ்டனில் கறுப்பர் என்பதால் வகுப்புக்கு வெளியே கதவோரம் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்று. அவருக்கு முன்னால் லூசி ஃபேரோ என்று ஒரு அம்மா, அவங்கதான் அந்த மனுஷனுக்கே வழிகாட்டினது, ஆனால் ஞாயிற்றுப் பிரசங்கத்தில் யாரும் அவங்க பேரைச் சொல்வதில்லை என்றும் சொன்னாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே "அப்படியா" என்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாய். ஏன் நிறுத்தினாய் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உனக்குத் தெரியுமா, அடித்தது நான்தான் என்று? தெரிந்தா வெயில் என்று சொன்னாய்?

மலர் இருநூறு பிரதி மிச்சம், கட்டிலுக்கடியில் இருக்கிறது. கன்வென்ஷனில் கொடுக்கலாம் என்று அப்பா சொல்கிறார். நான் கட்டை அவிழ்க்கவிடவில்லை. உள்ளே வைக்க ஒரு தாள் அச்சடிக்க வேண்டும். உனக்குத்தான் எழுத வரும். ஆனால் பேர் போடலாமா என்று முதலில் அவங்களிடம் கேட்க வேண்டும், பையன் வேலையில் இருக்கிறான், அந்த ஆபத்து இன்னும் பொய்யாகிவிடவில்லை. அவங்க மறுபடியும் கோடுதான் வேண்டும் என்றால் கோடுதான். ரெண்டு தடவை பாலம்வரை போய்த் திரும்பிவிட்டேன். பெரியப்பா நின்ற இடம் அதுதான் என்று அங்கே போனதும் ஞாபகம் வந்துவிடுகிறது. நீ கூட இருந்தால் போவேன். லீவு எப்போது என்று எழுது.

அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீ மலரைப் பற்றி அவரிடம் கோபமாக எதுவும் எழுதிவிடாதே.

ராத்திரி பட்டினி கிடக்காதே. படிப்பை விடாதே, எய்யா. வியாழக்கிழமை அப்பா உபவாச ஜெபத்துக்குப் போய்விடுவார். பத்து மணிக்கு மேல் வீட்டில் நான் தனியாகத்தான் இருப்பேன்.

அம்மா